கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றிய பிறகு கிளட்ச்: பட்டறையில் கேட்க வேண்டியவை, வீட்டில் அளக்க வேண்டியவை

என்னுடைய பழைய மாருதி 800-ல் இரண்டாம் கியர் அடிக்கடி தானாகக் கழன்று வர ஆரம்பித்தது. தேனியில் ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி, சிங்க்ரோ ரிங்கும் (கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) ஒரு பேரிங்கும் மாற்றி ஏற்றிக் கொடுத்தார்கள். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஆனால் கிளட்ச் பெடலில் காலை வைத்ததுமே இறுக்கமாக இருந்தது, மேலே கொஞ்சம்கூட ஆட்டம் இல்லை. கேட்டதற்கு, "இப்பதான ஏத்தியிருக்கோம், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். நம்பி எடுத்து வந்துவிட்டேன். ஒன்பதாம் நாள், லோயர் கேம்ப்பைத் தாண்டிக் குமுளி மலைப்பாதையில் ஏறும்போது எஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டி நகரவில்லை. உள்ளே கருகல் வாடை. பின் சீட்டில் அம்மா. மழை வேறு.

கிளட்ச் பிளேட் முழுக்கக் கருகி, கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியதாயிற்று. மூல காரணமோ வெளியே இருந்து அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய ஒன்று. அதைப் பட்டறை வாசலிலேயே கண்டுபிடித்திருக்க முடியும். பழைய கார் வாங்கி முதல்முறையாகக் கியர்பாக்ஸ் வேலைக்கு விடுகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இது கேபிள் கிளட்ச், அதாவது பெடலை மிதித்தால் ஒரு கம்பி இழுத்து வேலை செய்யும் கிளட்ச், உள்ள வண்டிகளுக்கானது. கம்பிக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஆயில் கிளட்ச் பற்றி நடுவில் ஒரு குறிப்பு இருக்கிறது.

1. வண்டியை விடும் முன் ஐந்து நிமிடம்

கியர்பாக்ஸில் கை வைக்கும் முன் உங்கள் கிளட்ச் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் சான்று வேண்டும். போனில் மூன்று படம் போதும். ஒன்று, டிரைவர் பக்கம் குனிந்து, தரைக்கும் பெடலுக்கும் நடுவில் ஸ்கேலை நிறுத்தி எடுத்த படம். இரண்டாவது, பானட்டைத் திறந்தால் கியர்பாக்ஸ் மேல் தெரியும் கிளட்ச் கேபிளின் நுனி. அங்கே மரை உள்ள கம்பியும் அதில் ஒரு நட்டும் இருக்கும். நட்டுக்கு வெளியே எவ்வளவு மரை தெரிகிறது என்பது படத்தில் விழ வேண்டும். மூன்றாவது, அந்தக் கேபிள் இழுக்கும் கைப்பிடி போன்ற இரும்பு. அதற்கு ரிலீஸ் ஆர்ம் என்று பெயர். அது எந்தச் சாய்வில் நிற்கிறது என்று பக்கவாட்டிலிருந்து எடுங்கள்.

எஸ்டிமேட்டை வெள்ளைத் தாளிலாவது எழுதி வாங்குங்கள். லேபர் தனி, பொருள் தனி என்று இருக்க வேண்டும். "கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றுவது, கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் உட்பட" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால்தான் முதலில் என்னிடம், "நீங்க கியருக்குத்தான குடுத்தீங்க, கிளட்ச் தனி வேலை" என்று சொன்னார்கள்.

மாற்றிய பழைய பொருட்களைக் கையில் தரச் சொல்லுங்கள். கிளட்ச் பிளேட்டை மாற்றாவிட்டாலும், கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது பிளேட், அதை எஞ்சினோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான மெக்கானிக்குகள் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

2. திரும்ப எடுக்கும்போது, பட்டறை வாசலிலேயே

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை இவை.

காலடி மேட்டை எடுத்துப் பின் சீட்டில் போடுங்கள். தடித்த மேட் பெடலுக்கு அடியில் மடிந்து கிடந்தால் கிளட்ச் முழுதாக அமுங்காது. இதற்காகக் கியர்பாக்ஸையே சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

அடுத்து, பெடலைக் காலால் அல்ல, கையால் அழுத்துங்கள். முதலில் லேசாக, எதிர்ப்பில்லாமல் இறங்கும். பிறகு சட்டென்று கனம் தெரியும். அந்த லேசான தூரத்துக்குத்தான் ஃப்ரீ ப்ளே என்று பெயர். கேபிள் கிளட்ச் வண்டிகளில் பொதுவாக 15 முதல் 25 மி.மீ. வரை இருக்கும். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் உண்டு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கால் இந்த நுணுக்கத்தை உணராது. விரல் உணரும்.

ஃப்ரீ ப்ளே சுத்தமாக இல்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். "ஓட ஓட செட் ஆகும்" என்ற பேச்சுக்கு இந்த இடத்தில் மட்டும் தலையாட்டவே கூடாது. காரணத்தைச் சொல்கிறேன். கிளட்ச் பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் நடுவிலுள்ள விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வரும். அதாவது தேய்மானத்தால் ஃப்ரீ ப்ளே குறையுமே தவிர அதிகமாகாது. இன்றைக்கே ஆட்டம் இல்லையென்றால் பேரிங் இப்போதே விரல்களை அழுத்திக்கொண்டிருக்கிறது. நாளை இன்னும் அழுத்தும். பிளேட் முழுப் பிடியில் நிற்காமல் வழுக்கி, சூடேறி, கருகும். எனக்கு அது ஒன்பது நாளில் நடந்தது.

புது பிளேட் போட்டிருந்தால் ஃப்ரீ ப்ளே முன்பைவிட அதிகமாகி, கேபிளைச் சற்று இறுக்க வேண்டி வருவதுதான் இயல்பு. பழைய பிளேட்டையே திரும்பப் போட்டிருந்தால் அளவு முன்பிருந்தபடியே வர வேண்டும். என் வண்டியில் பழைய பிளேட்தான். அளவு அப்படியே வந்திருக்க வேண்டும். வராதபோதே ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ரிவர்ஸ் சோதனை. எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். கிளட்சை முழுதாக மிதித்து நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். மாருதி 800 போன்ற வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. அதனால் மிதித்த மறுகணமே போட்டால் கரகரப்பது கோளாறு ஆகாது. பொறுத்துப் போட்டும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம்.

3. கோளாறு கிளட்சிலா, கியர்பாக்ஸிலா?

கியர் விழவில்லை என்றதும் மறுபடி கியர்பாக்ஸைத்தான் குற்றம் சொல்வார்கள். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சோதனை இருக்கிறது. எனக்குக் கம்பம் ஊரில் ஒரு வயதான மெக்கானிக் காட்டியது. முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளுக்குப் பொருந்தும்.

சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கம் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுங்கள். இரண்டையும் தூக்கினால் சோதனை கெட்டுவிடும். டிஃபரன்ஷியல் இருப்பதால் ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றி உங்களை ஏமாற்றும். டாப் கியரில் போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். எஞ்சின் பிடித்துக்கொள்ளும், நகராது. இப்போது ஒருவரை உள்ளே உட்காரவைத்துக் கிளட்சை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்றினால் கிளட்ச் நன்றாக விடுகிறது, கியர் விழாததற்குக் காரணம் கியர்பாக்ஸிலோ கியர் லீவர் இணைப்பிலோ இருக்கிறது. இறுகித் திணறிச் சுற்றினால் கிளட்ச் ஒட்டுகிறது.

வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி எதுவும் செய்யக் கூடாது.

இதற்கு நேர் எதிரான கோளாறு ஸ்லிப். ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் எஞ்சின் வேகம் ஏறி, வண்டி வேகம் ஏறாமல் நின்றால் அதுதான். அதைச் சோதிக்கத் திரும்பத் திரும்ப மலை ஏற்றிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பிளேட்டின் ஆயுள் கொஞ்சம் போகிறது.

4. கேபிளை முதலில் பாருங்கள்

செலவு குறைந்த காரணங்களில் தொடங்குவதே நல்லது. கேபிளின் வெளி உறை, கியர்பாக்ஸ் மேலுள்ள பிராக்கெட்டில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? அரைகுறையாக நின்றால் முதல் பத்து மிதியில் உள்ளே போய் உட்காரும், அளவு திடீரென்று மாறிவிடும். கேபிள் எங்காவது கூர்மையாக வளைகிறதா? சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் தொட்டுக்கொண்டு போகிறதா? எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரத்தில் ரப்பர் வாஷர் இடத்தில் இருக்கிறதா? பழைய வண்டிகளில் பெடல் பொருத்திய தகரமே வெடித்து, மிதிக்கும்போது முன்னால் தள்ளிக்கொண்டு போகும். இன்னொருவரை மிதிக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பலர் தவறவிடும் ஒன்று எர்த் பட்டை. கியர்பாக்ஸை இறக்கும்போது எஞ்சினையோ கியர்பாக்ஸையோ பாடியோடு இணைக்கும் எர்த் வயரைக் கழற்றுவார்கள். திரும்ப மாட்ட மறந்தாலோ, துருவின் மேல் மாட்டினாலோ, ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரும் மின்சாரம் வேறு வழி தேடும். இரும்பால் ஆன கிளட்ச் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும்தான் அந்த வழி. கேபிள் சூடேறி உள்ளுறை உருகும், பெடல் நாளுக்கு நாள் கல்லாகும். கியர்பாக்ஸ் வேலைக்குப் பிறகு புதுக் கேபிள் போட்டும் சில நாளில் இறுகினால், அடுத்த கேபிள் வாங்கும் முன் எர்த் பட்டையைப் பாருங்கள்.

*ஆயில் கிளட்ச் உள்ளவர்களுக்கு:* கியர்பாக்ஸ் கீழே இருந்தபோது யாராவது பெடலை மிதித்திருந்தால் கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்திருக்கும்; லைனில் காற்றும் போயிருக்கும். பெடல் பஞ்சு மாதிரி இறங்கி, இரண்டு மூன்று முறை பம்ப் செய்ததும் சரியாகிறது என்றால் காற்றுதான். பிளீடிங் (லைனிலுள்ள காற்றை வெளியேற்றுவது) செய்தால் போதும். ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியுள்ள பிரேக் ஆயிலைத் தவிர வேறு எந்த எண்ணெயும் ஊற்ற விடாதீர்கள். எஞ்சின் ஆயில் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப் பாழாகும்.

5. ரிலீஸ் ஆர்ம்: ஒரு பல் தள்ளினால் போதும்

என் வண்டி மாட்டிக்கொண்டது இங்கேதான்.

கியர்பாக்ஸுக்குள்ளிருந்து ஒரு ஷாஃப்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் தலையில் சுற்றிலும் நுண்ணிய பற்கள். அந்தப் பற்களின் மேல் ரிலீஸ் ஆர்மைச் செருகி ஒரு போல்ட்டால் இறுக்குவார்கள். வேலைக்காக ஆர்மைக் கழற்றினால், திரும்ப அதே பல்லில் மாட்ட வேண்டும். ஒரு பல் மாறினாலும் ஆர்மின் நுனி கணிசமாக நகர்ந்துவிடும்.

கம்பத்து மெக்கானிக் வண்டியைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. கேபிள் நுனியைப் பார்த்தார். அட்ஜஸ்ட் நட், மரையின் கடைசிச் சுற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. இதற்குமேல் தளர்த்தினால் கழன்று விழும் என்ற நிலை. "தம்பி, நட்டு ஏன் கடைசிக்குப் போச்சு?" என்று என்னையே கேட்டார். பிறகு பழைய பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து ஷாஃப்டின் தலையைத் தேய்த்தார். கறுப்புக் கசடு வழிந்து இரும்பு வெளுத்ததும், ஷாஃப்டின் முகத்தில் குண்டூசித் தலையளவு ஒரு குழி தெரிந்தது. ஆர்மின் மேல் அதேபோல் இன்னொரு குழி. இரண்டும் நேருக்கு நேர் நிற்கவில்லை. "இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும் ஒண்ணையொண்ணு பார்க்கணும். ஒரு பல்லு தள்ளி உட்கார்ந்திருக்கு பாருங்க." என் வண்டியில் ஆர்ம், கேபிள் பிராக்கெட்டை விட்டு விலகிய பக்கமாகத் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. அதனால் கேபிளின் நீளம் போதவில்லை. நட்டைக் கடைசிவரை தளர்த்தியும் ஃப்ரீ ப்ளே வரவில்லை.

எதிர்ப்பக்கம் தள்ளி மாட்டியிருந்தால் அறிகுறி தலைகீழாக இருக்கும்: கேபிள் தொளதொளக்கும், நட்டை மரை முடியும்வரை இறுக்க வேண்டிவரும், அப்படியும் பெடலின் பாதித் தூரம் வீணாகும், ரிவர்ஸ் கரகரக்கும்.

ஆகவே பானட்டைத் திறந்ததும் நட்டின் இடத்தைப் பாருங்கள். மரையின் இரு முனைகளில் ஒன்றில் நின்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது, நட்டைத் திருகி மறைத்திருக்கிறார்கள். முதல் கட்டத்தில் எடுத்த படம் இங்கேதான் கைகொடுக்கும்.

சரிசெய்யும் முறை: நட்டைத் தளர்த்திக் கேபிளை விடுவிக்க வேண்டும். ஆர்மின் போல்ட்டை முழுதாகக் கழற்ற வேண்டும். ஆர்மை உருவிப் பற்களைச் சுத்தம் செய்து, புள்ளிகளை நேராக்கிச் செருகி, போல்ட்டை நன்றாக இறுக்க வேண்டும். ஆர்மைச் சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். உள்ளே ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கும், ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷும் அடி வாங்கும். பிறகு ஆர்மின் நுனியை விரலால் தள்ளிப் பார்த்தால் ஏறக்குறைய 2 முதல் 4 மி.மீ. ஆட வேண்டும். பெடலில் உணரும் ஃப்ரீ ப்ளே இந்தச் சிறிய ஆட்டத்திலிருந்து பிறப்பதுதான். இரண்டு முனையிலும் அளந்தால் இன்னொரு நன்மை: ஆர்மில் ஆட்டம் சரியாக இருந்து பெடலில் மட்டும் மிக அதிகமாக இருந்தால், பெடலின் புஷ்ஷோ கேபிளோ தேய்ந்திருக்கிறது.

ஷாஃப்டை மேலும் கீழுமாக ஆட்டியும் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அதன் புஷ் தேய்ந்துவிட்டது. அது சின்னப் பொருள்தான், ஆனால் மாற்றக் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். முதல் முறை கீழே இருக்கும்போதே பார்க்கச் சொல்வது லாபம்.

6. மறுபடி இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

வெளியே எல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் ஒட்டுகிறது அல்லது வண்டி எடுக்கும்போது நடுங்குகிறது என்றால் காரணம் உள்ளே. பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்கலாம்; ஸ்பிரிங் புடைத்திருக்கும் பக்கம் பெரும்பாலும் கியர்பாக்ஸை நோக்க வேண்டும், மாற்றிப் போட்டால் பிளேட்டின் மையப் பகுதியான நடுக்குடம், எஞ்சின் பக்கமுள்ள ஃபிளைவீல் சக்கரத்தின் போல்ட்டுகளில் இடிக்கும். ரிலீஸ் பேரிங் ஃபோர்க்கின் கிளிப்பில் மாட்டாமல் கோணலாக நிற்கலாம். பிளேட் நடுவில் கிரீஸை அள்ளி அப்பியிருந்தால் அது சிதறி மேற்பரப்பில் பட்டிருக்கும்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது ஏற்றும் முறை. ஆள் பற்றாமல் கியர்பாக்ஸின் முழு எடையையும் பிளேட்டின் நடுக்குடத்தில் தொங்கவிட்டுவிட்டு போல்ட் தேடப் போவார்கள். அந்த நேரத்தில் பிளேட் கண்ணுக்குத் தெரியாமல் வளையும். அதேபோல், கியர்பாக்ஸ் எஞ்சினோடு கையாலேயே பொருந்த வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை இறுக்கி இழுத்தால் கியர்பாக்ஸில் போல்ட் மாட்டும் காதே உடையும். பொருத்தத்துக்காக உள்ள டவல் பின்கள் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று ஏற்றும்முன் கேட்டுவிடுங்கள்.

இறக்கி ஏற்றினால் கியர் ஆயிலும் புதிதாக ஊற்ற வேண்டும். அளவு சரியா என்று கியர்பாக்ஸின் பிளக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

7. செலவு, நேரம், தாள்கள்

எனக்கு ஆன கணக்கு இது. ஊருக்கு ஊர் மாறும். முதல் வேலைக்கு, பொருளும் லேபரும் ஆயிலும் சேர்ந்து 6,800 ரூபாய், இரண்டு நாள். இரண்டாவது முறை: குமுளிப் பாதையிலிருந்து வண்டியை இழுத்து வர 1,800, கிளட்ச் செட் 2,400, லேபர் 2,500, கேபிள் 350, ஆயில் 700. மொத்தம் 7,750 ரூபாயும் மூன்று நாளும். ஆர்மை மட்டும் கழற்றி மாட்டியிருந்தால் அரை மணி நேர வேலை. தனியாகக் கேட்டபோது அதற்கு 300 ரூபாய் வாங்கியிருப்பேன் என்றார் அந்த மெக்கானிக்.

சாதாரண வாகனக் காப்பீடு இந்த மாதிரி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. ரோட்டோர உதவி சேர்த்து எடுத்திருந்தால் இழுத்து வரும் செலவை மட்டும் தவிர்க்கலாம், பாலிசியைப் பாருங்கள். பழைய கியர்பாக்ஸுக்குப் பதில் வேறொன்றை மாற்றிப் போட்டாலும் ஆர்.சி.யில் திருத்தம் தேவையில்லை. அதில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான் இருக்கும்.

பில் வாங்காமல் வராதீர்கள். தேதி, வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை நான்கும் அதில் இருக்க வேண்டும். கோளாறு தெரிந்த அன்றே முதல் பட்டறைக்குப் படங்களோடு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். போனில் பேசியது நிற்காது. இன்னொரு மெக்கானிக் கை வைக்கும் முன், தள்ளி நிற்கும் புள்ளிகளையும் நட்டின் இடத்தையும் படமெடுத்துவிடுங்கள். நான் அப்படி எடுத்த இரண்டு படங்களைப் பார்த்த பிறகுதான் முதல் பட்டறைக்காரர் லேபர் 2,500-ஐத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பில்லும் படமும் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை.

8. முதல் 500 கிலோமீட்டர்

முதல் நாள் ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள், மலை வேண்டாம். 50 கி.மீ. ஓடியதும் பெடலைக் கையால் அழுத்தி மறுபடி அளங்கள். கேபிள் உட்கார்ந்து சில மி.மீ. மாறியிருந்தால் நட்டைத் திருகிச் சரிசெய்யலாம், நட்டின் வேலையே அதுதான். 500 கி.மீ.யில் இன்னொரு முறை. கூடவே வண்டி நின்ற இடத்தில் தரையில் ஆயில் சொட்டு இருக்கிறதா, ஆர்ம் போல்ட் தளர்ந்திருக்கிறதா, எர்த் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டும்போது இடது காலைப் பெடல் மேல் வைத்துக்கொண்டே போகிற பழக்கம் இருந்தால் இந்த நாட்களிலேயே விட்டுவிடுங்கள்; கால் ஓய்வெடுக்கும் எடைகூட ஃப்ரீ ப்ளேயைத் தின்று பேரிங்கைச் சுற்றவைக்கும்.

அளந்த தேதியையும் அளவையும் பில்லின் பின்பக்கம் எழுதிவையுங்கள். என் வண்டியின் பில்லில் இப்போது நான்கு வரிகள் இருக்கின்றன: 20, 19, 19, 18.